வெயிலுக்கு அஞ்சாத டெய்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் மகள் வீட்டு முற்றத்தில், சரளைக் கற்களுக்கு நடுவே, பிளாக்ஃபுட் டெய்சி என்ற வெள்ளைப் பூச்செடி யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே பூத்துக் குலுங்குகிறது. எங்கள் வரிசை வீட்டின் முன்புறத்தில் நாள் முழுவதும் கடும் வெயில் அடிப்பதால், எதை நட்டாலும் கருகிவிடுகிறது. அதன் விதையை வரவழைத்து இங்கே வளர்க்கலாமா?
– ஒரு வாசகி, பாயான் பாரு, பினாங்கு

பதில்: அம்மா, தங்கள் வீட்டு வெயில் அந்தச் செடிக்கு ஒரு பொருட்டே அல்ல, அதற்கு எமனாக வரக்கூடியது நம் மழைதான். மெலம்போடியம் லூக்காந்தம் என்ற தாவரவியல் பெயர் கொண்ட இச்செடி, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா முதலிய மாநிலங்களிலும் மெக்சிகோவின் வடபகுதியிலும், சுண்ணாம்புப் பாறை நிறைந்த வறண்ட சரிவுகளில் தானாக முளைப்பது. அது வளரும் மேற்கு டெக்சாஸின் எல் பாசோ நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 230 மில்லிமீட்டர். பினாங்கிலோ ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். ஈரம் தேடி ஆழமாக இறங்கும் ஆணிவேரை உடைய செடி, மூன்று நாள் சேர்ந்தாற்போல் நீர் தேங்கும் மண்ணில் நின்றால், மேலே இலை பச்சையாக இருக்கும்போதே கீழே வேர் அழுகத் தொடங்கிவிடும்.

ஆகவே நிலத்தில் நட வேண்டாம். ஆசைக்கு ஒன்றிரண்டு செடிகளை, மழைச்சாரல் விழாத ஆனால் வெயில் நன்றாகப் படுகிற கூரை விளிம்பின் கீழ், பூச்சில்லாத மண்தொட்டியில் வளர்த்துப் பாருங்கள். தொட்டிக் கலவையில் பாதிக்கு மேல் சரளையும் பருமணலும் இருக்கட்டும். பினாங்குத் தீவின் மண் கருங்கல்லிலிருந்து உருவான புளிப்பு மண் என்பதால், ஒரு கைப்பிடி சுண்ணாம்புக்கல் சில்லும் சேர்ப்பது நல்லது. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல், இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள். விரலை உள்ளே விட்டால் அடிவரை காய்ந்திருக்கும் நாளில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். உரம் போடவே கூடாது. கொழுத்து வளரும் செடி சீக்கிரம் மடிந்துபோகும். ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது கடினம் என்பதால், விதையை நேராக அந்தத் தொட்டியிலேயே ஊன்றிவிடுங்கள்.

பூவை அருகில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நாம் ஒரே பூ என்று நினைப்பது பல சிறு பூக்களின் கூட்டம். நடுவில் உள்ள மஞ்சள் பூக்கள் மகரந்தத்தை மட்டுமே தரும். வெளி வட்டத்து வெள்ளை இதழ் ஒவ்வொன்றின் அடியிலும்தான் ஒரு விதை, பாதம் போன்ற சிறு உறைக்குள் ஒளிந்திருக்கும். அவ்வுறை கறுத்த பிறகு எடுத்தால்தான் விதை முளைக்கும்.

விதையை மகள் பெட்டியில் போட்டுக் கொண்டுவரக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு மாகிஸ் எனும் நம் தனிமைப்படுத்தல் துறையின் இறக்குமதி அனுமதியும், அங்கிருந்து பெறும் தாவர நலச் சான்றிதழும் தேவை.

முன்புறம் முழுவதையும் நிரப்ப வேண்டுமானால், என் மனம் நம் மண்ணுக்கே உரிய செருனி லாவுட் செடியைத்தான் நாடுகிறது. டெய்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மஞ்சள் பூச்செடி, நம் நாட்டுக் கடற்கரைகளில் உப்புக் காற்றையும் சுடுமணலையும் தாங்கிப் படர்கிறது. ஜனவரி, பிப்ரவரி வறட்சியையும் அக்டோபர் அடைமழையையும் ஒருசேரப் பழகியது. தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஊன்றினாலே கணுவில் வேர் விடும். ஆளுயரத்துக்குத் தாவக்கூடியது என்பதால், அவ்வப்போது கத்தரித்து ஒழுங்குபடுத்த வேண்டும்.

கேள்வி: எங்கள் தாமானில் சாலையோரச் சரிவெங்கும் மஞ்சள் டெய்சி பாய்விரித்தாற்போல் கிடக்கிறது. அதுவும் நம் நாட்டுச் செடிதானா? அதிலிருந்து கிள்ளி வந்து நடலாமா?
– ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நட வேண்டாம் ஐயா. தாங்கள் சொல்வது பெரும்பாலும் வெடலியா என்று நாற்றுப் பண்ணைகளில் விற்கப்படும் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டாவாக இருக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அது, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இலையைப் பாருங்கள்: பளபளப்பாகவும், பக்கத்துக்கு ஒன்றாக இரு மடல்கள் பிரிந்து மூன்று முனைகளாகவும் தெரிந்தால் அதுவேதான். செருனி லாவுட்டின் இலை சொரசொரப்பாக, பிளவின்றி, ஓரத்தில் பற்களுடன் இருக்கும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டிப் போடுங்கள். கால்வாயில் எறிந்தால் ஒவ்வொரு துண்டும் போய்ச் சேருமிடத்தில் வேர் பிடித்துவிடும்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டின் வெயில் படும் மாடத்தில் வளர்க்க ஏதேனும் டெய்சி உண்டா?
– ஒரு வாசகி, கெப்போங், கோலாலம்பூர்

பதில்: பிளாக்ஃபுட் டெய்சிக்கு ஒன்றுவிட்ட உறவான மஞ்சள் மெலம்போடியத்தைச் சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளில் கேட்டுப் பாருங்கள். நம் புழுக்கத்தில் நன்றாகப் பூக்கும் ஒரு பருவச் செடி அது. வாடிய பூவைக் கிள்ளவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த உறவைப்போல் வறட்சியைத் தாங்காது என்பதால், மாடத்துக் காற்றில் தொட்டி விரைவாகக் காயும் நாட்களில் காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.