அம்மாயி சொல்லாத பேர்

கேள்வி: அறுபது வருஷம் சேர்ந்து வாழ்ந்த கிராமத்துத் தம்பதி யாராவது உங்கள் வீட்டில் உண்டா? அவர்களுக்குள் அன்பு எப்படி இருந்தது?

உண்டு. என் அம்மாவைப் பெற்றவர்கள், அப்புச்சியும் அம்மாயியும். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஒரு தோட்டத்துச் சாளை, அதாவது காட்டுக்குள்ளேயே இருக்கிற வீடு. 1953-ல் பதினாறு வயதில் அங்கே வந்த அம்மாயி, 2014-ல் அப்புச்சி போகிற வரைக்கும் அவரோடு அங்கேயேதான் இருந்தார். 61 வருஷம்.

முதலில் பேர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷத்தில் அம்மாயி ஒரு தடவைகூட அப்புச்சியின் பேரைச் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அந்தத் தலைமுறையில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். ஆனால் அப்புச்சிக்கு வைத்திருந்ததோ முருகன் குடியிருக்கிற ஒரு மலையின் பேர், அதனால் அம்மாயிக்கு அந்த ஊர்ப் பேரையும் சொல்ல முடியாது. சின்ன வயதில் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினால் "மலைக்கு ஒண்ணரை டிக்கெட் குடுங்க தம்பி" என்பார். எங்கள் பக்கம் சிவன்மலை, சென்னிமலை, வட்டமலை என்று திரும்பின பக்கமெல்லாம் மலை, கண்டக்டர் எந்த மலை என்று கேட்கத்தானே செய்வார். "பஞ்சாமிர்தம் விக்கிற மலைங்க, விஞ்சு ஓடுமே" என்பார் அம்மாயி. சாமி கும்பிடும்போது "அப்பனே" மட்டும்தான். அம்மாயி சொல்லாத பேரை நானும் இங்கே எழுதவில்லை.

எங்களுடையது மழை குறைந்த சீமை. பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் கடைமடையில் எப்போதாவது எட்டிப் பார்க்கும், மற்றபடி கிணறுதான். பாதி நிலம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு, சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் மேய்கிற மாடுகளும். கல்யாணமான புதிதில் கரண்ட் இல்லை, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைதான். கவலை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்குகிற ஒரு பாதை, அதற்கு வாரி என்று பேர். அதில் ரெண்டு மாடுகள் இறங்க இறங்க, வடக்கயிறு இழுத்து, பறி என்கிற பெரிய வாளி நிறையத் தண்ணீர் மேலே வரும், வந்து தோல் வால் வழியாகத் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து மேலே ஏற வேண்டும். மாட்டை ஓட்டுகிறவர் இறங்கும்போது வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார், அவர் எடையும் சேர்ந்து இழுக்கட்டும் என்று. அப்புச்சி விடியற்காலம் மூன்று மணிக்குக் கவலை பூட்டினால் வெயில் ஏறுகிற வரைக்கும் இதே வேலை.

அம்மாயி இருப்பது காட்டின் அந்தக் கோடியில், மடை மாற்றிக்கொண்டு. ஒரு பாத்தி நிறைந்ததும் மம்முட்டியால் மண்ணை வெட்டி அடைத்து அடுத்த பாத்திக்கு வாய் திறந்துவிட வேண்டும். இருட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் உருளை கிறீச்சிடுகிற சத்தத்தை வைத்தே, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதா, வலத்து மாடு சண்டித்தனம் பண்ணுகிறதா, அப்புச்சிக்கு அலுப்பு வந்துவிட்டதா எல்லாம் தெரியும் என்பார் அம்மாயி. சத்தம் கொஞ்சம் மெதுவானால் மம்முட்டியைப் போட்டுவிட்டு, தூக்குப்போசியில் கம்மங்கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு வரப்பில் நடப்பாராம். அப்புச்சி ஒரு நாளும் பசிக்கிறது என்று சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

பிறகு மோட்டார் வந்தது. நான் பார்த்தது இந்தக் காலத்தைத்தான். மும்முனை கரண்ட் நடுராத்திரியில் வரும், வந்தால் ரெண்டு பேரும் எழுந்து போவார்கள். அப்புச்சி மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி மேல் உட்கார, அம்மாயி டார்ச்சோடு மடைக்குப் போவார். உருளை நின்று எத்தனையோ வருஷமாகியும், அறுபது வயசுக்கு மேலும், ஆளுக்கொரு பக்கம் அதே இடம்தான்.

அந்தக் கரண்டுக்காக அப்புச்சி பட்டதும் கொஞ்சமில்லை. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடியபோது பெருமாநல்லூரில் 3 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்துப் போனார்கள். 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்ட போராட்டத்துக்கு ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் போய்க் கோயமுத்தூரையே அடைத்து நின்றன அல்லவா, அதில் எங்கள் வண்டியும் ஒன்று. பெருமாநல்லூர் நடந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, போகிறவர் திரும்பி வருவாரா என்கிற பயம் எல்லா வீட்டிலும் இருந்திருக்கும். அம்மாயி தடுக்கவில்லை. கட்டுச்சோறும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் மூட்டை கட்டி வண்டியில் வைத்துவிட்டு, அவர் வருகிற வரைக்கும் தண்ணீர் கட்டி, பால் கறந்து, மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். போராட்டக் கதையை அப்புச்சி சாகிற வரைக்கும் பெருமையாகச் சொல்வார். அத்தனை நாள் தோட்டம் யாரால் ஓடியது என்று யாரும் கேட்டதில்லை, நான் உள்பட.

இதனால்தான் அந்தக் காலமே பொற்காலம் என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடிவதில்லை. அப்புச்சி சாப்பிட்டு முடித்த பிறகுதான் அம்மாயி வட்டலில் கை வைப்பார். கிணற்றுக்குள் பாறையில் வெடி வைத்து ஆழப்படுத்தியபோது அம்மாயியின் அட்டிகை அடகுக்குப் போய் மூழ்கிப்போனது, ஆனால் கிணறும் காடும் பட்டாவில் அப்புச்சி பேரில் மட்டும். அப்புச்சி கெட்டவர் இல்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை, தோன்றாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

சண்டையும் போட்டிருக்கிறார்கள். ஒரு சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குச் சும்மா பார்க்கப் போவதாகச் சொல்லி ஒரு ஜோடிக் காளையை ஓட்டிக்கொண்டு போன அப்புச்சி, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி விற்றுவிட்டு வந்துவிட்டார். அதில் ஒன்று, தாய் செத்துப்போய் அம்மாயி புட்டிப் பால் ஊட்டி வளர்த்த கன்று. பதினோரு நாள் அம்மாயி அவரோடு பேசவில்லை. சோறு போடும்போது கட்டுத்தறிப் பக்கம் திரும்பி, "சோறு ஆறிப் போகுதுன்னு சொல்லு" என்று எருமையிடம் சொல்வாராம். பன்னிரண்டாம் நாள் அப்புச்சி காங்கேயம் போய் அம்மாயிக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கி வந்து, கையில் கொடுக்காமல், அடுப்படித் திட்டில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வந்து நான் கேட்டதில்லை. அப்புறம் அவர் மாடு விற்கப் போகும்போதெல்லாம் அம்மாயியைக் கேட்டுவிட்டுத்தான் போனார் என்று அம்மா சொல்வார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். மனைவி மக்களோடு நிறைவாக வாழ்கிறவர்தான் அந்த இடத்துக்கு வர முடியும். அப்புச்சி அருமைக்காரர், அம்மாயி அருமைக்காரி. எத்தனை கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போயிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. அருகம்புல்லை எடுத்துப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்துகிறபோது அம்மாயியின் கை கொஞ்சம்கூட நடுங்காது. அப்புச்சி போன அடுத்த வருஷம் என் மாமன் மகள் கல்யாணம். மண்டபத்தில் எல்லாரும் மேடைக்கு முன்னால் நிற்க, அம்மாயி கடைசி வரிசைக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அங்கே போகச் சொல்லவில்லை, தானாகவே போய் உட்கார்ந்துகொண்டார். நான் கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். "சரி சாமி, நீ போயி பாரு" என்றார். வம்பாக இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் நான். போகவில்லை.

அதே வருஷம் உதவித்தொகை விஷயமாக ஒரு அலுவலகத்துக்கு அம்மாயியை அழைத்துப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலை நிமிராமல், "வீட்டுக்காரர் பேரு?" என்றார். அம்மாயி பேசவில்லை. அவர் மறுபடி சத்தமாகக் கேட்டார், காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். அம்மாயி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அந்தப் பேரை வாய்விட்டு நான் சொன்னதும் அன்றைக்குத்தான் முதல் தடவை, எங்களுக்கு அவர் எப்போதும் அப்புச்சிதானே. அம்மாயி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார், அப்புச்சி வீட்டு முன்கூடத்துக்குள் நுழையும்போது செய்வாரே, அதே மாதிரி.

அவர் எழுதி முடித்து அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். அம்மாயி என் சட்டைக் கையை மெல்ல இழுத்தார்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு."