ஆலை பக்கத்தில், விலை தூரத்தில்: திருகோணமலை வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருகோணமலையில் சிறு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கடைக்கு வெளியே நடப்பவை கடைக்குள் எப்படி வந்து சேர்கின்றன என்று கேளுங்கள் எனச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி, உவர்மலை): சேர், வணிகத்தின் புறச்சூழல் என்றால் அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், இயற்கை என்று தலைப்புப் பிரித்துப் படிக்கிறோம். உண்மையில் ஒரு கடைக்காரர் இப்படி யோசிப்பாரா?

பதில்: யோசிக்க மாட்டார், தங்கச்சி. ஆனால் பரீட்சையில் ஆறையும் விடாமல் எழுதுங்கள், புள்ளி அதற்குத்தான். கடைக்காரரின் யோசனை "இந்த மாதம் ஏன் கையில் மிஞ்சவில்லை?" என்பதிலிருந்து தொடங்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் ஆறு தலைப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, அதை எந்தத் தலைப்பில் போடுவீர்கள்? முடிவு அரசியல். வந்தது வர்த்தமானி வழியாக, ஆகவே சட்டம். அந்த வருடம் நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போக நெல்லுக்கு நேரம் பிந்திவிட்டது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் விளைச்சல் குறைந்தால், அறுவடை முடிந்து நகரத்துத் துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் வரவேண்டிய காசு வராது. அது பொருளாதாரம். உரமே விற்காத துணிக்கடைக்காரருக்கு உரத்தடையால் நட்டம். இந்த உதாரணத்தை விடைத்தாளில் எழுதிப் பாருங்கள். திருத்துபவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி (பேக்கரி உரிமையாளர், அனுராதபுரச் சந்தி): அண்ணா, பிரிமா கோதுமை மா ஆலை சீனக்குடாவில் இருக்கிறது. லொறி புறப்பட்டால் கொஞ்ச நேரத்தில் என் வாசலில் நிற்கும். ஆனால் மா விலை ஏறும்போது எங்களுக்கும் கொழும்புக்காரருக்கும் ஒரே ஏற்றம்தான். பக்கத்தில் ஆலை இருந்து என்ன பயன்?

பதில்: ஆலை பக்கத்தில்தான், கோதுமை பக்கத்தில் இல்லையே. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. பெரிய கப்பல் வந்து கட்டக்கூடிய ஆழமான துறைமுகம் இங்கே இருக்கிறது, 1980 முதல் ஆலையும் இங்கே இயங்குகிறது. அந்தக் கப்பலில் வருவதற்குக் கொடுக்கும் காசு டொலர். உங்களுக்குக் கிடைக்கும் பக்கத்து வீட்டுச் சலுகை லொறிக் கூலியோடு முடிந்துவிடுகிறது.

2022 இல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், உங்கள் தொழிலின் முழுக் கதையும் அதில் இருக்கிறது. பெப்ரவரி கடைசியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. இரண்டுமே உலகத்துக்குக் கோதுமை விற்கும் பெரிய நாடுகள், அதனால் உலகச் சந்தையில் விலை பாய்ந்தது. அதற்குச் சில நாட்களில், மார்ச் 7 ஆம் திகதி, மத்திய வங்கி ரூபாவைப் பிடித்து வைத்திருந்த கையை எடுத்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவாக நின்றது. இவை இரண்டும் ஒன்றோடொன்று கூடவில்லை, பெருகின. கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு தொன் 300 டொலர், டொலர் 200 ரூபா என்றால் 60,000 ரூபா. அதே தொன் 400 டொலர், டொலர் 360 ரூபா என்றால் 144,000 ரூபா. கோதுமை ஏறியது மூன்றில் ஒரு பங்கு, உங்கள் செலவோ இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது.

ஆகவே உங்கள் கொள்வனவுக் கொப்பியில் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டொலர், உள்ளூர் என்று குறித்துக்கொண்டு போங்கள். மா, சீனி, ஈஸ்ட் எல்லாம் டொலர். சம்பளம், விறகு, கடை வாடகை உள்ளூர். பாணில் டொலர்ப் பங்கு அதிகம். பிட்டு, இடியப்பத்தை அரிசி மாவில் செய்தால் பெரும்பாலும் உள்ளூர். 2022 இல் பாண் வாங்கியவர்கள் பலர் இவற்றின் பக்கம் திரும்பினார்கள். காலையில் அதையும் விற்ற கடைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. உள்ளூர் என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2024 கடைசியில் தேங்காய் ஒன்று 200 ரூபா வரை போனது டொலரால் இல்லை, காய்ப்புக் குறைந்ததால்.

எடையில் கை வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பாண் 450 கிராம் என்று 2024 இல் திரும்பவும் இறுக்கியிருக்கிறார்கள், தராசோடு வருவார்கள். பணிஸ், மாலுபணிஸ் பக்கம்தான் உங்களுக்கு விளையாட இடம்.

கேள்வி (படகுக்காரர், குச்சவெளி): நாங்கள் முதலாளிமார் இல்லை, கடலுக்குப் போகிறவர்கள். எங்களுக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: உங்களை விடச் சம்பந்தப்பட்ட ஆள் யார், அண்ணன்? உங்கள் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். 2022 ஆகஸ்ட்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. ஒரு தடவை போய்வர 20 லீற்றர் என்று வைத்தால், முதல் நாள் 1,740 ரூபா, மறுநாள் 6,800 ரூபா. மீன் அதே மீன், கடல் அதே கடல்.

அடிக்கும் இடம் எண்ணெய் மட்டும் இல்லை. 2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவி அதை மூடினார்களே, நினைவிருக்கிறதா? குச்சவெளியில் பிடித்த மீனுக்கு விலை விழுந்தது அங்கே சந்தை மூடியதால். நீங்கள் யாருக்கு விற்கிறீர்கள் என்பது மட்டுமில்லை, அவர் யாருக்கு விற்கிறார் என்பதும் உங்கள் கவலைதான். முற்பணம் கொடுத்த முதலாளிக்கே மீனைக் கொடுக்க வேண்டும் என்று கட்டுப்பட்டிருந்தால், அப்படியான நாளில் வேறு ஆளைத் தேடவும் முடியாது. வலைக்கும் எஞ்சினுக்கும் முற்பணம் வாங்கும்போது நான் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்று இல்லை. மீனில் எத்தனை பங்கை வெளியே விற்கச் சுதந்திரம் இருக்கிறது என்றுதான். அதைப் பேசி வாங்குங்கள். காய்ந்த மீனாக, கருவாடாக மாற்றும் வசதி வீட்டில் இருந்தால் விலை விழுந்த கிழமையில் அது கைகொடுக்கும், மழைக்காலத்தில் மட்டும் கொடுக்காது.

கேள்வி (சிறு விடுதி நடத்துபவர், உப்புவெளி): மே முதல் செப்டம்பர் வரை அறை இல்லை என்று திருப்பி அனுப்புகிறேன். நவம்பரில் காகமும் வராது. போதாததற்கு எங்கோ நடக்கும் சண்டைக்கு இங்கே முன்பதிவு ரத்தாகிறது. எதை நம்பி ஆள் வைப்பது?

பதில்: இரண்டும் வேறு வேறு நோய், ஒரே மருந்து சரிவராது. வடகீழ்ப் பருவக்காற்று மழையோடு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றுக்குத் திட்டம் போதும்: சீசன் வருமானத்தை பன்னிரண்டாகப் பிரித்து மாதச் செலவு பாருங்கள், ஐந்தாகப் பிரித்து அல்ல. செப்டம்பரில் கையில் நிறையக் காசு இருக்கும்போதுதான் பலர் குளிரூட்டி வாங்குகிறார்கள், ஜனவரியில் அதே குளிரூட்டியை அடகு வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள்.

தெரியாத அடிக்குத் திட்டம் போட முடியாது, பிரித்து வைக்கத்தான் முடியும். 2018 இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 லட்சம். அடுத்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு. அப்புறம் கொரோனா, 2021 இல் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. 2024 இல் தான் திரும்ப 20 லட்சத்தைத் தாண்டியது. சண்டைக் கதையும் அப்படித்தான். ஐரோப்பியர் பலர் டோஹா, துபாய் வழியாக வருகிறவர்கள். 2025 ஜூனில், உங்கள் சீசன் நடுவில், கட்டார் சில மணி நேரம் வான்வெளியை மூடியது. அந்தச் சில மணி நேரத்தை விட அது கிளப்பும் பயம் நீளமானது. ஆகவே எல்லா அறையையும் ஒரே இணையத்தளத்தில் வெளிநாட்டவருக்கே ஒதுக்காமல், ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கும் போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்த நீண்ட வார இறுதிக்கும் வரும் உள்ளூர்க் குடும்பங்களுக்குச் சில அறைகளை வைத்திருங்கள். அவர்கள் பேரம் பேசுவார்கள், சமைக்கவும் இடம் கேட்பார்கள். ஆனால் வருவார்கள்.

ஒன்று கவனித்தீர்களா? டொலர் ஏறினால் பேக்கரிக்காரருக்கு நட்டம், டொலரில் அறை விற்கும் உங்களுக்கு லாபம். 2022 இல் அந்த லாபமும் கைக்கு வரவில்லை, ஏனென்றால் கொழும்பிலிருந்து இங்கே வர வாகனத்துக்குப் பெற்றோல் இல்லை.

கேள்வி (சாப்பாட்டுக்கடை நடத்துபவர், நகரம்): போன வருடம் மார்ச் விற்பனையோடு இந்த வருடம் மார்ச்சை ஒப்பிட்டால் கணக்கே பொருந்துவதில்லை. ஆட்கள் களவெடுக்கிறார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: ஆட்களைச் சந்தேகிக்க முன் நாட்காட்டியைப் பாருங்கள், தம்பி. நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். பகல் விற்பனை விழும், மாலையில் கஞ்சிக்கும் சிற்றுண்டிக்கும் கூட்டம். நம்முடைய ஊரில் மூன்று சமூகமும் ஒரே கடையில் சாப்பிடுவதால் இது எல்லோர் கல்லாவிலும் தெரியும். வெள்ளிக்கிழமை, நவராத்திரி, கந்தசஷ்டி நாட்களில் கோழிக் கொத்து ஓடாது. போயா தினத்தில் இறைச்சிக்கடை மூடியிருக்கும், அதே நாளில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகக் கோணேசர் கோயிலுக்கு வருவார்கள், சோற்றுப் பார்சல் பறக்கும். மாதத்தோடு மாதத்தை ஒப்பிடாதீர்கள், விரதத்தோடு விரதத்தை ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் சந்தேகப்படலாம்.

கேள்வி (துணிக்கடை, மத்திய வீதி): குறைந்தபட்சச் சம்பளம் 30,000 என்கிறார்கள். நான்கு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். உண்மையில் எனக்கு எவ்வளவு செலவு?

பதில்: 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000. அதன் மேல் உங்கள் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ஒருவருக்கு 34,500, நால்வருக்கு 138,000 ரூபா. பிள்ளையின் சம்பளத்திலிருந்து கழியும் 8 வீதம் வேறு, அதையும் உங்கள் பங்கையும் குழப்பாதீர்கள். சேமலாப நிதி கட்டாமல் மிச்சம் பிடிக்கும் கடைகள் இருக்கின்றன என்று எனக்கும் தெரியும். தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடு போனால் பழைய பாக்கியும் மேலதிகக் கட்டணமும் சேர்ந்து வரும்.

கேள்வி (தையல் தொழில் செய்யும் அக்கா, நிலாவெளி): இப்போது வட்டி குறைந்திருக்கிறதே, கடன் எடுத்து இன்னும் இரண்டு மெசின் போடலாமா?

பதில்: ஓடர் இருந்தால் போடலாம், அக்கா. வட்டி குறைந்தது மட்டும் காரணம் என்றால் வேண்டாம். 2022 கடைசியில் வங்கிகள் தங்கள் நல்ல வாடிக்கையாளர்களுக்கே 25 வீதத்துக்கு மேல் வாங்கின. மாறும் வட்டியில் எடுத்தவர்களின் தவணை நடுவழியில் ஊதியது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வட்டி கடைசி வரை மாறாததா, மாறக்கூடியதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எண்ணெய்த் தாங்கிகள் வேலை தொடங்கினால் சீனக்குடாப் பக்கம் காணி விலை ஏறுமாம். இப்போதே வாங்கி வைக்கவா?

பதில்: 99 தாங்கிகள் பிரித்தானியர் காலத்திலிருந்து நிற்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 இந்திய நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு என்று பிரித்தார்கள். சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரும் என்றும் பல வருடம் கேட்டோம், 2016 இல் கைவிட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான செய்தியைக் கேட்டு வியாபாரம் தொடங்காதீர்கள். வேலையாட்கள் வந்து சாப்பாட்டுப் பார்சல் கேட்கத் தொடங்கினால் அப்போது பார்க்கலாம்.

கேள்வி (மளிகைக்கடை, மூதூர்): டிட்வா சூறாவளி வெள்ளத்துக்குப் பிறகு காப்புறுதி எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். பிரயோசனம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, நானா. ஆனால் தீக் காப்புறுதி என்று எடுத்தால் வெள்ளம் தானாகச் சேராது, சூறாவளியும் வெள்ளமும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள். கட்டடத்துக்கு மட்டுமா, சரக்குக்கும் சேர்த்தா என்பது அடுத்தது. 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி நமது மாவட்டத்தில் கரையேறியது, 2025 நவம்பரில் டிட்வா. இனி வராது என்று சொல்ல ஆளில்லை. நட்டஈடு கேட்கும்போது பலருக்குச் சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? கடையில் என்ன இருந்தது என்று காட்ட முடியாமல் போவதில். சரக்குக் கொப்பியும் கொள்வனவு பில்லும் அரிசி மூட்டையோடு சேர்ந்து நனைந்துவிடும். ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் இராக்கைகளையும் கொப்பிப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒக்டோபர் பிறந்ததும் சீனியையும் மாவையும் மேல் தட்டுக்கு ஏற்றுங்கள், சவர்க்காரத்தைக் கீழே இறக்குங்கள்.