மோட்டர் ஓடுது, தண்ணீர் ஏறவில்லை: தம்பி எதைப் படிக்கலாம்?

அக்கா, கொன்ட்ரோல் சிஸ்டத்தில் (இயந்திரத்தைத் தானாக ஓட்டுகிற அமைப்பில்) பிழை பிடிக்கிற வேலைதான் வேண்டும் என்று தம்பி அடம்பிடிக்கிறான், கொழும்பில் அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டையே எடுங்கள். மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் குறைந்தால் சென்சர் சொல்லும், மோட்டர் தானாக ஓடும். ஒருநாள் அரை மணி நேரம் ஓடியும் சென்சர் 'பாதி' என்றே காட்டுகிறது. தண்ணீர்தான் ஏறவில்லையா, சென்சர் பொய் சொல்கிறதா? இத்தனை நிமிடத்துக்கு இவ்வளவு ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டு, சென்சர் காட்டுவதை அதிலிருந்து கழித்தால் வரும் வித்தியாசம்தான் முதல் தடயம். மோட்டர் எடுக்கும் கரண்டையும் பார்த்தால் (காற்றை இழுக்கிற பம்ப் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் எடுக்கும்) ஆள் பிடிபடும். சென்சர்தான் கெட்டதென்றால், திருத்துகிறவர் வரும்வரை அதை ஒதுக்கிவிட்டுக் கணக்கை நம்பி ஓட்டலாம். நடுவில் நாலாம் மாடியில் யாராவது குளித்தாலும் வித்தியாசம் வரும். எது பிழை, எது குளியல் என்று பிரிப்பதில்தான் கெட்டித்தனம். விமானத்தில் இது உயிர்ப் பிரச்சினை: 2018, 2019 இல் விழுந்த இரண்டு போயிங் 737 மேக்ஸிலும் இரண்டு சென்சர் இருந்தும், மூக்கைக் கீழே தள்ளுகிற மென்பொருள் ஒரேயொரு சென்சரின் பேச்சை மட்டுமே கேட்டது. 346 பேர் போனார்கள்.

சரி, படிப்பு. 'பிழை பிடித்தல்' என்ற பெயரில் பட்டம் தேடாதீர்கள், வேலை விளம்பரமும் அந்தப் பெயரில் வராது. மொறட்டுவையோ பேராதனையோ கிளிநொச்சியில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமோ, மின் பொறியியல் பக்கம் போகட்டும். இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) காலை வாரினால் நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலை ஆட்டோமேஷன் (தானியங்கி இயக்கம்), இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவுக் கருவிகள்) என்ற பெயரில் வரும்: துறைமுகக் கிரேன், பியகம ஃபாக்டரி, மின் நிலையம், நீர் சுத்திகரிப்பு. தொடக்கத்தில் நைட் ஷிஃப்டில் பி.எல்.சி. (இயந்திரத்தை ஓட்டுகிற சின்னக் கணினி) பெட்டிக்கு முன்னால் நிற்க வேண்டிவரும், ஐ.டி.க்குப் போன சொந்தக்காரப் பிள்ளையின் சம்பளத்தோடு ஒப்பிட்டு அவனைக் குத்தாதீர்கள்.

எனக்குக் கவலை வேறு. இணைந்த கணிதத்தில் திணறுகிறான் என்றீர்களே, இந்தத் துறை முழுக்க வகையீட்டுச் சமன்பாடும் தாயமும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும்தான், அதைச் சுற்றிப் போக வழியில்லை. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள்: மோட்டர் ஓடும் நேரத்தையும் டேங்க் மட்டத்தையும் ஒரு கிழமை கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் நாளே கைவிடுகிறானா, வித்தியாசம் ஏன் வந்தது என்று உங்களைக் குடைகிறானா என்று பார்த்துவிட்டு, கொப்பியோடு அவனையும் கூட்டி வாருங்கள்.