பிளாக் எங்கே இருக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. காசிமேட்டில் வலை பின்னும் வேலை. பெருங்குடலின் இடப்பக்கம் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்தார்கள். இப்போது கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோவுக்கு முன்னால் ராஸ், பிராஃப், எம்எஸ்ஐ என்று டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “எத்தனை நாள் இருப்பார்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, அந்தக் காசுக்கு மருந்து வாங்கலாம்” என்கிறார் சித்தப்பா. எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: எடுங்கள். நாள் எண்ணுவதற்கு என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் எந்த மருந்து வாங்குவது என்பதே அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவாகும்.

கட்டியின் ராஸ் ஜீனில் மாற்றம் இருந்தால் செடுக்ஸிமாப் என்ற விலை கூடிய ஊசி கேட்காது. இப்படிப் பரவியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த மாற்றம் உண்டு. பார்க்காமல் போட்டால் காசும் போய், முகமெல்லாம் பருவும் தோல் வெடிப்பும்தான் மிச்சம். மாற்றம் இல்லையென்றால் அதே ஊசி கீமோவோடு சேர்ந்து நன்றாக வேலை செய்யும். அப்பாவுக்குக் கட்டி இடப்பக்கம் இருந்தது இதற்குச் சாதகம்; வலப்பக்கம் என்றால் அவ்வளவு பலன் இருக்காது.

பிராஃப் ஜீனில் வி600இ என்ற மாற்றம் வந்தால் நோய் வேகமாக ஓடும். மறைத்துப் பயனில்லை. நூற்றில் எட்டு, பத்துப் பேருக்கு அப்படி வரும். அதற்கென்றே தனி மாத்திரை இருக்கிறது.

எம்எஸ்ஐ என்பது கட்டியின் செல்லில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் வேலை கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது. அது அதிகம் என்று வருவது நூற்றில் நாலைந்து பேருக்குத்தான். வந்தால், முதல் மருந்தாகக் கீமோவைவிட, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியே மேல் என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. இந்தக் கோளாறு சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். அப்போது நீங்களும், அப்பாவின் கூடப்பிறந்தவர் என்றால் சித்தப்பாவும், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

பணம் முடையாக இருந்தால் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்கள் இருக்கின்றனவா என்று திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் ஐஎச்சி டெஸ்ட்டை முதலில் எடுங்கள். செலவு குறைவு, எம்எஸ்ஐ பற்றிய பதில் சில நாளில் வந்துவிடும். அதில் கோளாறு இல்லையென்றால் கீமோவைத் தொடங்கிவிடலாம். ராஸில் மாற்றம் இல்லை என்று முடிவு வந்தால் பிறகு ஊசியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், பெரும்பாலும் இதற்காக மறுபடி சதை எடுக்க வேண்டியதில்லை. ஆபரேஷனில் எடுத்த திசு மெழுகில் பதித்து, ஆஸ்பத்திரியின் பேத்தாலஜியில் இருக்கும். தீப்பெட்டியை விடச் சிறியது, ஓரத்தில் நம்பர் போட்டிருக்கும். ‘பிளாக்’ என்று கேளுங்கள், எழுதிக் கொடுத்து வாங்குங்கள். நம்பரை ரிப்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். வண்டி சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். மதிய வெயிலில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மெழுகு இளகிவிடும்.