இணையவழிச் சந்தாத் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தஞ்சாவூர் ஓவியம் கற்பிக்கும் காணொளிப் பாடங்களை மாதம் 300 ரூபாய் சந்தாவில் இணையவழியாக நடத்தி வருகிறேன். மாதந்தோறும் ஏறத்தாழ 20 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். ஆனாலும் எட்டு மாதங்களாகச் சந்தாதாரர் எண்ணிக்கை 200-ஐத் தாண்டவில்லை. விளம்பரச் செலவை இரு மடங்காக்கினால் தொழில் வளருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: எண்ணிக்கை வளரலாம், ஆனால் பணம் கையில் தங்காது. மாதம் 20 பேர் சேர்ந்தும் மொத்தம் 200-இலேயே நிற்கிறது என்றால், மாதந்தோறும் 20 பேர் விலகியும் கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அதாவது உங்கள் விலகல் விகிதம் 10 சதவீதம். மாதம் சேர்பவர்களின் எண்ணிக்கையை விலகல் விகிதத்தால் வகுத்தால் கிடைப்பதே சந்தாத் தொழில் ஒன்று எட்டக்கூடிய உச்சம். இருபதைப் பத்து சதவீதத்தால் வகுத்தால் 200. நீங்கள் அந்த உச்சத்தில்தான் நிற்கிறீர்கள். விளம்பரத்தைக் கூட்டி மாதம் 40 பேரைச் சேர்த்தால் அது காலப்போக்கில் 400 ஆகும். சேர்பவர்கள் அதே 20 பேராக இருக்க, விலகல் 5 சதவீதமாகக் குறைந்தாலும் அதே 400-ஐ எட்டுவீர்கள். முதல் வழியில் ஒவ்வொரு மாதமும் கூடுதல் விளம்பரப் பணம் கரைந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வழியில் ஒருவர் சராசரியாகத் தங்கும் காலம் 10 மாதத்திலிருந்து 20 மாதமாகி, அவரிடமிருந்து வரும் தொகையும் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாகிறது.

ஆகவே விளம்பரத்தை இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, கடந்த ஆறு மாதங்களில் விலகியவர்களின் பட்டியலை எடுத்து, தாமே வேண்டாம் என்று விலகியவர்கள் எத்தனை பேர், பணம் பிடித்தம் ஆகாததால் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று இரண்டாகப் பிரியுங்கள். இந்த இரண்டாம் வகையைப் பலர் கவனிப்பதே இல்லை. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், டெபிட், கிரெடிட் அட்டையிலிருந்தோ யுபிஐ ஆட்டோபே வழியாகவோ மாதந்தோறும் தானாகப் பணம் பிடிக்க வேண்டுமானால், வாடிக்கையாளர் தொடக்கத்தில் ஒருமுறை முறைப்படி ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே அவருக்கு அறிவிப்பும் போக வேண்டும். அந்த அறிவிப்பில் உங்கள் ஓவியப் பள்ளியின் பெயருக்குப் பதிலாக, வங்கியில் பதிவான வேறொரு நிறுவனப் பெயர் வந்தால், இது யாரோ என்று எண்ணி அவர் ஒப்புதலை நீக்கிவிடக்கூடும். இன்றே, இணையவழியில் உங்களுக்குப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் கேட்டு, வாடிக்கையாளருக்கு எந்தப் பெயர் போகிறது என்பதைச் சரிபாருங்கள்.

பணம் பிடிக்கும் நாளையும் பாருங்கள். மாதக் கடைசியில் பல வீடுகளின் கணக்கில் இருப்பு குறைவாக இருக்கும்; சம்பளம் வந்த பின், 5-ஆம் தேதியை ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. பிடித்தம் தோற்றால் உடனே பாடங்களைப் பூட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் திறந்தே வைத்து, பணம் செலுத்தும் இணைப்புடன் வாட்ஸ்அப்பில் மரியாதையான தமிழில் ஒரு செய்தி அனுப்புங்கள். கணக்கில் பணம் இல்லாததும், அட்டை காலாவதியானதும் உங்கள் பாடத்தின் மீதான வெறுப்பு அல்ல.

தாமாக விலகியவர்களிடம்தான் பாடத்தின் குறை தெரியும். நான் ஊகிப்பது இது: பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் கலந்து மேடாக எழுப்பும் மக்கு வேலை செய்து, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டி, வண்ணம் தீட்டி முதல் படத்தை முடித்த கையோடு ஒரு கூட்டம் விலகியிருக்கும். கற்க வந்ததைக் கற்று முடித்தவருக்கு அடுத்த மாதம் 300 ரூபாய் கொடுக்க என்ன காரணம் இருக்கிறது? முதல் படத்தில் வண்ண வேலை நடக்கும்போதே இரண்டாம் படத்தின் கோட்டோவியம் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். இன்னொரு கூட்டம் மக்கு வேலையிலேயே திணறி நின்றிருக்கும். அவர்களுக்குக் கூடுதல் காணொளி பயன்படாது. வாரம் ஒருநாள் மாலை நேரலையில் நீங்கள் அவர்களுடைய பலகையைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதுதான் பயன்படும். பதிவு செய்த காணொளிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் தங்கள் வேலையைப் பார்த்துத் திருத்துவதற்குத்தான் அவர்கள் சந்தா கட்டுகிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ஆண்டுச் சந்தா வாங்குவது நல்லதா? 3,600 ரூபாய்க்குப் பதில் 3,000 ரூபாய் என்றால் பலர் முன்வருகிறார்கள்.
– வாசகர், ஈரோடு

பதில்: நல்லதுதான், ஆண்டுக்கு ஒரே ஒரு பிடித்தம் என்பதால் மேலே சொன்ன தோல்விகள் குறையும். ஆனால் நூறு பேர் ஒரே மாதத்தில் கட்டினால் கையில் வரும் 3 லட்சம் ரூபாயில், அந்த மாதத்துக்கு உரியது 25,000 மட்டுமே. மீதி, நீங்கள் இன்னும் நடத்தாத பதினொரு மாதப் பாடங்களுக்கான முன்பணம். அதைத் தனிக் கணக்கில் போட்டு, மாதம் ஒரு பங்காக எடுத்துச் செலவு செய்யுங்கள். முன்பணத்தில் கேமராவும் மடிக்கணினியும் வாங்கிவிட்டு, எட்டாம் மாதத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் தர இயலாமல் வகுப்பை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் கட்டிய பெற்றோர்களின் முகத்தில் அவர்களால் விழிக்க முடியவில்லை. வரியையும் மறவாதீர்கள். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு செய்தவர் சேவைக்கு முன்பணம் வாங்கினால், பாடம் நடத்தும் வரை காத்திராமல், பணம் வந்த மாதத்திலேயே முழுத் தொகைக்கும் வரி கணக்கிட வேண்டும்.

கேள்வி: சந்தாவை நீக்கும் பொத்தானை எடுத்துவிட்டு, ‘விலக விரும்பினால் தொலைபேசியில் அழையுங்கள்’ என்று வைத்தால் விலகல் குறையும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள் பட்டியலிடும் 13 ஏமாற்று உத்திகளில், சந்தாவில் சிக்க வைத்து விலக விடாமல் செய்வதும் ஒன்று. சட்டம் ஒருபுறமிருக்க, விலக முடியாதவர் வங்கிச் செயலியிலேயே ஒப்புதலை நீக்கிவிடுவார். அதன்பின் அவர் உங்களிடம் திரும்ப வரமாட்டார், உறவினரையும் வரவிடமாட்டார். அதற்குப் பதிலாக, நீக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘ஒரு மாதம் நிறுத்தி வை’ என்ற பொத்தானை வையுங்கள். தேர்வு, திருமணம், பிரசவம் என்று குடும்பங்களில் வரும் இடைவெளிகளுக்கு அதுவே போதும்.

கேள்வி: கட்டணத்தை உயர்த்தினால் பழைய சந்தாதாரர்கள் போய்விடுவார்களா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: திடீரென்று உயர்த்தினால் போவார்கள். அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2011-இல், 10 டாலருக்குச் சேர்த்து வழங்கிய அஞ்சல்வழி டிவிடி, இணையக் காணொளி ஆகிய இரண்டையும் பிரித்துத் தலா 8 டாலர் ஆக்கியது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 8 லட்சம் சந்தாதாரர்களை இழந்தது. புதியவர்களுக்கு மட்டும் புதுக் கட்டணம் வையுங்கள். பழையவர்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுங்கள். இன்னொன்று: தானியங்கிப் பிடித்தத்துக்கான ஒப்புதலில் ஓர் உச்சத் தொகை குறிக்கப்பட்டிருக்கும். புதுக் கட்டணம் அதைத் தாண்டினால் ஒவ்வொருவரிடமும் மீண்டும் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், தேதியை அறிவிக்கும் முன்பே அந்தத் தொகை எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.