வெங்கச்சங்கல் எவ்வளவு சுத்தம்? கேள்வி பதில்

கோட்டையூர் தம்பி: எங்கள் காட்டில் வெங்கச்சங்கல் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. சுத்தமான குவார்ட்ஸ்தானே அண்ணே?

வெளுப்பைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். கல் உருவானபோது உள்ளே சிக்கிய நுண்ணிய நீர்க்குமிழிகளால்தான் அந்தப் பால்நிறம் வருகிறது. அந்த நீரோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே இருக்கும்.

தேவகோட்டை வாசகர்: ஆய்வக அறிக்கையில் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸின் மூலப்பொருள், 99.8 சதவீதம். சோலார் தொழிலுக்கு விற்கலாமா?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். மீதி 0.2 சதவீதம் என்பது பத்து லட்சத்தில் 2,000 பங்கு மாசு. சோலார் தகட்டுக்கான சிலிக்கானை உருக்கும் மூசைக்கான (உருக்கும் பாத்திரத்துக்கான) உயர்தரக் குவார்ட்ஸில் எல்லா மாசும் சேர்ந்தே 50 பங்குக்குள் அடங்க வேண்டும். அப்புறம், அந்த 99.8 எப்படி வந்தது என்று கேளுங்கள். அளந்த மாசுகளைக் கூட்டி நூறில் கழித்திருந்தால், அளக்காததெல்லாம் சிலிக்கா கணக்கில் ஏறிவிடும். எக்ஸ்-கதிர் பாய்ச்சி அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவிக்கு லித்தியம் தெரியவே தெரியாது. மிக நுண்ணிய மாசையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் சோதனை கேளுங்கள்.

மேலே படிந்த இரும்புக்கறை அமிலத்தில் கழுவினால் போகும். அலுமினியமும் டைட்டானியமும் அப்படியல்ல, சிலிக்கான் அணு இருக்க வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். கழுவிப் பயனில்லை. அமெரிக்காவின் ஸ்ப்ரூஸ் பைன் என்ற ஊரின் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்ற வேறு கனிமங்களோடு கலந்த பாறையில்தான் கிடக்கிறது. ஆனால் பிரித்தெடுத்த குவார்ட்ஸின் உள்ளே மாசு மிகக் குறைவு. அதற்குத்தான் அந்த ஊர்க் குவார்ட்ஸுக்கு மதிப்பு.

கானாடுகாத்தான் ஆச்சி: இரும்பு உலக்கையால் இடித்து அனுப்பினோம். இரும்பு அதிகம் என்கிறார்கள்.

உலக்கையின் இரும்பும் சேர்ந்திருக்கும் ஆச்சி. கட்டியாகவே அனுப்புங்கள். ஒரே இடத்துக் கல் போதாது, காட்டில் கல் படிவு ஓடும் நீளம் முழுக்க இடைவெளி விட்டு எடுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: எங்கள் வீட்டுச் சுவரின் பளபளப்பும் இதனால்தானா?

அது சுண்ணாம்புப் பூச்சு வேலை. பழைய கொத்தனாரைக் கேளுங்கள்.

கோட்டையூர் தம்பி: நிறம் எதையும் சொல்லாது என்றால், புகைநிறக் கல்லை மட்டும் ஏன் மாசு என்கிறார்கள்?

புகைநிறத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் அலுமினியத்தின் மேல் பட்ட இயற்கைக் கதிர்வீச்சு. அதைச் சூடாக்கினால் நிறம் வெளுத்துவிடும், அலுமினியம் அங்கேயே இருக்கும். இப்போது சொல்லுங்கள், வெளுத்த பிறகு அது சுத்தமாகிவிட்டதா?

காரைக்குடி மாணவர்: ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் நானே கரைத்துப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. அது தோல் வழியே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும், உயிரே போகலாம். உலர்ந்த கல்லை இடிக்கும் தூசும் நுரையீரலைக் கெடுக்கும்.

திருப்பத்தூர் வாசகர்: எங்கள் கல் நல்ல வெள்ளை. படம் அனுப்பவா?

வேண்டாம். நிறத்துக்கு இரண்டு முறை பதில் சொல்லிவிட்டேன். இரும்பு படாத கட்டிகளை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.