கொடுவாவும் காற்றும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பரமக்குடிக்காரன். எட்டு வருடமாகச் சார்ஜாவில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவின் பாஸ் மீன்பிடிக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தூண்டில் ஆசை வந்துவிட்டது. போன ஆடியில் ஊருக்கு வந்தபோது ஆறரை அடி ராடு, பெயிட்காஸ்டிங் ரீல், ஒரு பெட்டி நிறைய லூர் (செயற்கை இரை) எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். மண்டபம் தென்கடல் கரையில் மூன்று நாள் வீசினேன். காற்று லூரைத் திருப்பி என் மேலேயே எறிந்தது. நான்காம் நாள் தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடை வாயில் சாயங்காலம் பெரிய மீன் ஒன்று அடித்தது. வாயைப் பிளந்துகொண்டு ஒரு தடவை மேலே எகிறித் தலையை உதறியது, அவ்வளவுதான், தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது. நுனி பிளேடால் வெட்டியதுபோல் இருந்தது.

நம் பக்கம் பாஸ் உண்டா? எந்த மாதம் வந்தால் கிடைக்கும்? என்னிடம் இருக்கும் சாமான்கள் போதுமா? உங்களால் மறக்க முடியாத மீன் எது? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் நரம்பை அறுத்தது கொடுவா மீனாகத்தான் இருக்கும். ஊளி மீனுக்கு இருப்பதுபோல அதன் வாயில் பெரிய பல் கிடையாது. விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு, அவ்வளவே. ஆனால் செவுள் மூடியின் ஓரம் சவரக்கத்தி. மாட்டிய மீன் எகிறித் தலையை உதறும்போது செவுள் விரியும். அந்த நேரத்தில் நரம்பு அதன் மேல் உரசினால் போச்சு. மீன் சந்தையில் கொடுவா வெட்டும் அக்காமார்களைக் கேளுங்கள், கையில் தழும்பைக் காட்டுவார்கள். நீங்கள் நின்ற இடமும் சாயங்கால நேரமும் சரி. நரம்பு நுனியில் லீடர் என்கிற தடித்த நரம்பைக் கட்டாமல் நின்றதுதான் குறை.

நீங்கள் காணொளிகளில் பார்க்கும் பாஸ் நன்னீர் மீன். ஏரியிலும் குளத்திலும் வாழ்வது, கடலுக்கு வராது. அதன் பெயரில் பாஸ் இருந்தாலும் கொடுவாவோடு அதற்கு நெருங்கிய சொந்தம் எதுவும் இல்லை. அந்த மீனில் உலக சாதனை 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்தது. 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 10 கிலோ. 77 வருடம் கழித்து 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதற்குச் சமமான ஒன்றைப் பிடித்தார். ஒரு தேசமே துரத்துகிற மீனின் எல்லை 10 கிலோ. கொடுவா 40 கிலோவைத் தாண்டியும் வளரும். ஆஸ்திரேலியாக்காரர்கள் பாரமுண்டி என்று கொண்டாடுவது இதே மீனைத்தான். பரமக்குடியிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில் அது இருக்கிறது.

இனி மாதக் கணக்கு. அமெரிக்கர்கள் பருவத்தைத் தண்ணீரின் சூட்டை வைத்துப் பார்க்கிறார்கள். வசந்தத்தில் தண்ணீர் சூடேற ஆரம்பித்ததும் பாஸ் கரையோரம் வந்து குழி பறித்து முட்டையிடும், ஆண் காவல் நிற்கும். கோடையில் ஆழத்துக்குப் போகும், இலையுதிர் காலத்தில் சிறுமீன் கூட்டத்தைத் துரத்தும். அங்கே அது சரியான கணக்கு. நம் கடலோ வருடம் முழுக்கச் சூடாகத்தான் இருக்கிறது. இங்கே பருவத்தை மாற்றுவது காற்று. தென்மேற்கிலிருந்து வரும் கச்சானா, வடகிழக்கிலிருந்து வரும் வாடையா என்று கேட்காமல் கரைக்குப் போகிறவனுக்கு எந்த லூரும் உதவாது. நான் சொல்ல வருவதில் பாதி இதுதான்.

வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை கச்சான். அந்த மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கொந்தளிக்கும். நீங்கள் அங்கேதான் மூன்று நாள் காற்றுக்கு எதிரே நின்று வீசியிருக்கிறீர்கள். மண்டபத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம். வடகடல் பக்கம், பாக் விரிகுடாவில், அதே நேரம் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் கிடந்திருக்கும், காற்றும் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து உங்கள் லூரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் இது அப்படியே தலைகீழ். வடகடல் கறுத்துக் குமுறும், தென்கடல் அடங்கும். ஒரே நாளில் ஒரு கரை அடைத்தால் மறு கரை திறந்திருக்கிற இப்படி ஒரு நிலம் வேறு எந்த மாவட்டத்துக்கு வாய்த்திருக்கிறது?

பங்குனி, சித்திரையில் காற்று செத்துக்கிடக்கும். வெயில் ஏறிய பிறகு நிற்பதில் பிரயோசனம் இல்லை. விடியலில் ஒன்றரை மணி நேரம் பாறை மீனுக்கும் ஊளிக்கும் பாப்பர் (தண்ணீர் மேல் சத்தம் எழுப்பும் லூர்) வீசலாம், பாம்பன் பக்கம் கல்லுக்கு நடுவே நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கும் இடங்களில் பாறை மீன் மேலே வந்து அடிக்கிற சத்தம் நெஞ்சில் கேட்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கரை அமைதியாக இருக்கும். தை, மாசியில் தண்ணீர் தெளிந்து மீன் மந்தமாகிவிடும். கிழங்கான் மீன் பிடித்துக்கொண்டு பொழுதைப் போக்கலாம். அப்புறம் ஒன்று. யாராவது படகில் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவித்த கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன.

கொடுவாவின் காலம் ஐப்பசி பாதியிலிருந்து மார்கழி வரை. கொடுவா இரண்டு தண்ணீரிலும் வாழ்கிற மீன். குஞ்சுப் பருவத்தில் ஓடைகளிலும் அலையாத்திக் காடுகளிலும் நன்னீர் கலக்கிற கழிகளிலும் வளர்ந்து, முட்டையிட உப்புத் தண்ணீருக்கு வரும். ஆகவே ஆறு கடலைத் தொடுகிற இடங்களைத் தேட வேண்டும். வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரை, குண்டாறு வந்து சேரும் மூக்கையூர், கோட்டக்கரையாற்று முகத்தில் அலையாத்தி மண்டிய காரங்காடு. நம் ஆறுகளில் வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். வாய்கள் மண்மேடிட்டு அடைந்து கிடக்கும். மழை பெய்து வெள்ளம் மண்ணை உடைத்து வாயைத் திறக்கிற சில வாரங்கள்தான் நமக்குக் கிடைப்பவை.

மழை கொட்டும்போது போகாதீர்கள். ஓய்ந்து இரண்டு மூன்று நாள் ஆனதும் போங்கள். செம்மண் கலங்கலும் கடலின் பச்சையும் சேருகிற இடத்தில் தண்ணீரில் ஒரு கோடு தெரியும். வெள்ளத்தோடு அடித்து வரப்பட்ட மடவைக் குஞ்சும் இறாலும் அந்தக் கோட்டில் தடுமாறும். கொடுவா கலங்கலுக்குள் ஒளிந்து நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை, ஆனாலும் ஓடைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கிற அந்தக் கடைசி ஒரு மணி நேரம் தங்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுவை கூடும்.

உங்கள் சாமான்களைப் பற்றி. ஆறரை அடி ராடு ஓடைக்குள் நிற்கப் போதும், திறந்த கரைக்கு எட்டிலிருந்து ஒன்பது அடி வேண்டும். பெயிட்காஸ்டிங் ரீல் நன்னீருக்குச் செய்ததாக இருந்தால் நம் உப்பு அதைச் சீக்கிரம் தின்றுவிடும், காற்றில் நரம்பும் சிக்கும். 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று வாங்குங்கள். 20, 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் நுனியில் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, 50 பவுண்டு நைலான் லீடர். செவுளிலிருந்து காப்பாற்றுவது அந்த ஒரு பாகம்தான். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரலுக்கிடையில் இழுத்துப் பாருங்கள், சொரசொரத்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவுங்கள்.

பாஸ்காரர்களிடமிருந்து நான் நன்றியோடு எடுத்துக்கொண்டது ஒரு கட்டு. டெக்சாஸ் ரிக் என்பார்கள். ரப்பர் மீனின் உடம்புக்குள்ளேயே தூண்டில் முள்ளின் நுனியைப் புதைத்துவிடுவது. அலையாத்தி வேருக்குள் போட்டு இழுத்தால் எதிலும் சிக்காமல் வரும், மீன் கடிக்கும்போது மட்டும் முள் வெளியே வரும். காரங்காட்டுப் பக்கம் ஓடைகளில் எனக்கு அதிகம் கிடைத்தது இதில்தான். உங்கள் பெட்டியில் இருக்கும் நீளமான பிளாஸ்டிக் புழுக்களில் எனக்கு ஒரு மீனும் விழுந்ததில்லை. ஒரு சாண் நீளத்துக்குள் மின்னோ (சிறுமீன் வடிவ லூர்) இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதன் மூன்றுமுனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். இது எதுவும் இல்லாவிட்டாலும் உயிர் மடவை இருக்கிறது. மேலுதட்டில் முள்ளைக் கோத்து ஈயம் இல்லாமல் நீவாட்டோடு விட்டால் போதும். கொடுவா துரத்திக் கடிப்பதைவிட வாயைத் திறந்து உறிஞ்சுவதே அதிகம், இரவில் 'டொப்' என்று அந்தச் சத்தம் கேட்கும். கேட்ட உடனே ராடைத் தூக்காதீர்கள். நரம்பு இறுகி நகரட்டும். மீன் எகிறப் பார்க்கும்போது ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்துங்கள்.

தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் திருக்கை புதைந்து கிடக்கும்.

மறக்க முடியாத மீன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு உண்டு. இரண்டும் ஆற்றங்கரையில்.

முதலாவது, வைகைத் தண்ணீர் பெரிய கண்மாயை நிறைத்து மிச்சம் கடல்வரை வந்த ஒரு கார்த்திகை. என் சித்தப்பா ராடு தொட்டவர் இல்லை. கையில் நரம்பு, ஆட்காட்டி விரலில் சைக்கிள் ட்யூப் வெட்டிப் போட்ட உறை, அவ்வளவுதான். நான் டார்ச் அடித்துத் தண்ணீரைப் பார்த்தேன். இரண்டு கண்கள் கங்கு மாதிரிச் செக்கச்செவேலென்று திரும்பிப் பார்த்தன. "விளக்கை அமத்துடா, காதால பாரு" என்றார். அரை மணி நேரம் கழித்து அந்த 'டொப்'. நரம்பு அவர் விரலை விட்டு ஓடியது. ஓடவிட்டார், நின்றதும் இழுத்தார், மறுபடி ஓடியது. அலை நுரையில் அது புரண்டபோது வெள்ளித் தாம்பாளம் போல் இருந்தது. ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வீட்டில் வெட்டியபோது வயிறு முழுக்கச் சினை. சித்தி அதை மிளகாய்த்தூள் போட்டு வறுத்தார். தெருவே சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன், ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

சில வருடம் கழித்து மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர்தான் சொன்னார். கொடுவா ஆணாகத்தான் முதிர்ச்சி அடையும். மூன்று நான்கு வயதில் ஆண், ஆறு ஏழு வயதுக்கு மேல், உடம்பு முக்கால் மீட்டரைத் தாண்டி வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். பெரிய மீன் எல்லாம் அநேகமாகத் தாய். லட்சக்கணக்கில் முட்டையிடுகிற தாய். ஒரு கழியில் உள்ள பெரிய மீன்களைத் தேடித் தேடிப் பிடித்தால் அங்கே மிஞ்சுவது ஆண்கள் மட்டும்தான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையில் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வறுத்த அந்தச் சினைதான் கண்ணில் நின்றது.

இரண்டாவது மீன் அதற்கு அடுத்த ஐப்பசியில் கிடைத்தது. என் ராடு, என் லீடர், ரப்பர் மீன். இருபது நிமிடம் போராடியது. கரைக்கு வந்ததும் ராடோடு ஒட்டி அளந்தேன், ஒரு மீட்டருக்கு நான்கு விரல் குறைவு. பக்கத்தில் நின்ற வியாபாரி அங்கேயே விலை பேசினார். நல்ல விலை. நான் முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் முழங்காலிட்டு, நீவாட்டுக்கு எதிரே வாயை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. வாலை ஒரு அடி அடித்து என் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. சித்தப்பா எதுவும் பேசவில்லை. நடந்து வீட்டுக்குப் போகும் வழியில், "நல்ல காரியந்தான்டா, ஆனா எனக்கு மனசு வராது" என்றார். அவர் பிழைப்பு அது. அவரிடம் நான் கேட்கவும் மாட்டேன். நமக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது, தம்பி, அதனால் உங்களிடம் கேட்கிறேன். இரண்டு மூன்று கிலோ மீனை வைத்துக்கொள்ளுங்கள், குழம்புக்கு அதுதான் ருசியும்கூட. கை நீளத்துக்கு மேல் இருப்பதை விட்டுவிடுங்கள். பெரிய கொடுவாதான் சாப்பிட வேண்டும் என்றால் பண்ணை மீன் வாங்கலாம். 1997இல் சென்னையில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் இதைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது.

அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். வடகடலின் புல்தரைகளில் மேய வரும் ஆமையின் கழுத்தில் அது சுற்றிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சட்டைப் பையில் சுருட்டி வையுங்கள்.

ஐப்பசிக் கடைசியில் பத்து நாள் லீவு கிடைக்குமா என்று பாருங்கள். ஆற்றங்கரையில் சித்தப்பா இன்னும் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, ஆனால் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றால் போதும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, வாய் இன்னும் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று சொல்லிவிடுவார். எழுதுங்கள், கூட்டிப்போகிறேன். டார்ச் மட்டும் கொண்டுவர வேண்டாம்.